ஒரு வீட்டில் ரெண்டு ஓய்வுநாள்

கொஞ்சம் நவுந்து உக்காரு பிள்ள. சன்னலோரம் எனக்கு வேண்டாம், நீயே இரு. இந்தப் பையை மட்டும் உன் மடியில வச்சுக்கோ. கீழ வச்சா ஈரம் பட்டுரும், எவனோ தண்ணியைக் கொட்டி வச்சிருக்கான் பாரு. கனமெல்லாம் இல்ல. இந்த வண்டி ஆத்துப்பாலத்துக்கு எப்ப போகும்? வெயில் ஏறுததுக்கு முந்தி போயிரும்லா? இந்த டிரைவர் என்ன, உருட்டிக்கிட்டே போறான். மிதிக்க மாட்டேங்கான்.

நீ வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ள இல்லல்லா? பொட்டு வச்சிருக்கியே, அதான் கேட்டேன். தப்பா நினைக்காத. வேதக்காரியா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எங்க சபைக்காரி ஒருத்திகிட்ட ஒரு வார்த்தை சொன்னா, நான் வீடு போய்ச் சேருததுக்குள்ள கிருபாபுரம் பூரா தெரிஞ்சிரும். நீ யாருகிட்ட போய்ச் சொல்லப் போற? எனக்கும் யாருகிட்டயாவது சொல்லாட்டா தலை வெடிச்சிரும் போல இருக்கு.

எம்பேரு தங்கபுஷ்பம். கிருபாபுரத்துல கோயிலுக்கு அடுத்தாப்ல இருக்க மாவு மில்லு எங்களுதுதான். கோயில்னா எங்க சர்ச்சு. எங்க வீட்டுக்காரக பேரு ஏசுவடியான். பேரை நானே சொல்லிட்டேன் பாரு, கோவம் வந்தா எல்லாம் வந்துருது. அவுக இன்னைக்கு ஆத்துல இறங்கி முழுக்கு எடுக்கப் போறாக. நான் அதை மறிக்கப் போறேன். விஷயம் அவ்வளவுதான்.

முழுக்குன்னா உனக்குத் தெரியாதுல்லா. எங்க சபையில பிள்ளையா இருக்கும்போதே தலையில தண்ணி விட்டு ஞானஸ்நானம் குடுத்துருவாக. சாவுத வரைக்கும் அது போதும். எங்க அப்பாவுக்குப் போதும், எங்க தாத்தாவுக்குப் போதும், இவுகளுக்குப் போதல. அறுபது வயசுல ஆத்துக்குள்ள முங்கி எந்திரிச்சு, சனிக்கிழமைக்காரக சபையில சேரப் போறாகளாம். வேதக்காரக எல்லாரும் ஞாயித்துக்கிழமைதான் கும்பிடுவோம்னு நீ நினைச்சிருப்ப. அப்படித்தான் நானும் நினைச்சிருந்தேன். ஓய்வுநாள் சனிதான், ஞாயிறு இல்லன்னு சொல்லுத ஆளுகளும் இருக்காக. நல்ல ஆளுகதான், நான் குத்தம் சொல்லல. அவுகளுக்கு எங்க வீட்டு ஆளுதானா கெடைச்சாக?

எல்லாம் இவுக முழங்கால் மூட்டு ஆபரேஷனால வந்தது. ஆஸ்பத்திரியில அடுத்த கட்டில்ல ஒருத்தர் இருந்தாரு, சனிக்கிழமைக்காரர். பேச்சுத் துணைக்கு ஆச்சேன்னு நானும் விட்டுட்டேன். அவரு கேட்டிருக்காரு, பத்துக் கட்டளையில ஏழாம் நாளுன்னுதான இருக்கு, ஏழாம் நாள் எதுன்னு. இவுக சுவத்துல தொங்குத காலண்டரைப் பாத்திருக்காக. ஞாயிறு முதல்ல இருக்கு, சனி கடைசியில இருக்கு. அன்னைக்குப் பிடிச்சது. வீட்டுக்கு வந்ததும் எங்க ஐயர்கிட்ட போய்க் கேட்டாக. பூணூல் போட்ட ஐயர் இல்ல பிள்ள, பாதிரியாரைத்தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம். அவரு ஆண்டவர் உயிர்த்தெழுந்தது ஞாயித்துக்கிழமை, அதனால அதுதான் நமக்குன்னு நல்லாத்தான் சொன்னாரு. இவுக கேட்டுட்டு, சரிங்கய்யான்னு கும்பிட்டுட்டு வந்தாக. வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில்லை நிறுத்திட்டாக.

பாதியில நிறுத்திட்டாக பிள்ள! செல்லத்தாய் அக்கா இடியாப்பத்துக்கு அரிசி கொண்டுட்டு வந்து நிக்கா. பாதி மாவு, பாதி நொய்யி. இவுக வாசலுக்கு வந்து பனைமரத்துக்கு அங்கிட்டு சூரியனைப் பாத்தாக, உள்ள போய் சுவிச்சை அமத்துனாக. பொழுது சாஞ்சா ஓய்வுநாள் ஆரம்பிச்சிருமாம். மழை மேகமா இருந்தா என்ன செய்வீகன்னு கேட்டேன். அதுக்கும் கணக்கு இருக்காம். செல்லத்தாய் அக்கா ஓலைப்பெட்டியைத் தூக்கிட்டு என்னையப் பாத்த பார்வை இருக்கே, எனக்கு மானமே போச்சு.

அதுல இருந்து எங்க வீட்டுல ரெண்டு ஓய்வுநாள். சனிக்கிழமை அவுக வேலை செய்ய மாட்டாக. ஞாயித்துக்கிழமை நான் செய்ய மாட்டேன். மில்லுக்கு சனிக்கிழமைதான கூட்டமே. ஞாயித்துக்கிழமை விருந்துக்கு மாவு, பொடி எல்லாம் அன்னைக்குத்தான் அரைப்பாக. நான் என்ன செய்ய? சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நானே மிஷினைப் போட்டேன். பெல்ட்டு மாட்டப் படிச்சேன், கல்லு கொத்தப் படிச்சேன். இவுக உள்ள நாற்காலியில உக்காந்து வேதம் வாசிப்பாக. வாசிச்சு முடிச்சா சும்மா இருப்பாக. ஒரு மனுஷன் பட்டப்பகல்ல கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கதைப் பாத்தா, எனக்கு உடம்பெல்லாம் பரபரன்னு வரும். நான் தலைமுடியெல்லாம் மாவோட போய் எட்டிப் பாப்பேன். சிரிப்பாக. புஷ்பம், கொஞ்சம் உக்காருன்னுவாக. உக்காரவா? அங்க நாலு பேரு பெட்டியோட நிக்காக!

எனக்கு மட்டும் ஓய்வு தெரியாதா? நான் ஓய்வுநாளை எப்படி ஆசரிக்கவன்னு எங்க ஊருல கேட்டுப் பாரு. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல அடுப்பு எரியாது. நேரம் விடியதுக்கு முந்தி எந்திரிச்சு, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளிக்கூடம் எடுக்கணும். அது முடிஞ்சா ஆராதனை, நான் பாட்டுக் குழுவுல முன்வரிசை. அது முடிஞ்சா பெண்கள் சங்கம். மத்தியானம் நோயாளிக வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போகணும். சாயங்காலம் திரும்ப ஆராதனை. வீட்டுக்கு வந்து விழுந்தா இடுப்பு ஒடிஞ்சு போயிருக்கும். மூச்சு விட நேரமிருக்காது பிள்ள ஞாயித்துக்கிழமை. அப்படி ஆசரிக்கேன் நான். இவுக என்னடான்னா சும்மா உக்காந்திருக்கதுக்குப் பேரு ஓய்வுநாளுங்காக.

டைம் என்ன ஆச்சு? அய்யோ, இவன் இங்க எதுக்கு நிறுத்துதான்? டீ குடிக்கவா? யோவ் கண்டக்டரே, காலையில வீட்டுல குடிச்சுட்டு வரப்படாதா?

ஒண்ணு சொல்லுதேன். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கரண்டு போயிட்டு, மிஷின் நின்னுட்டு. எனக்கும் போக்கிடம் இல்ல. அவுக பக்கத்துல போய் உக்காந்தேன். ஓட்டுல மழை விழுத சத்தம். அவுக ஒரு கொய்யாப்பழத்தைக் கையாலயே பிட்டு பாதியை என் கையில வச்சாக. கல்யாணம் முடிஞ்ச நாளையில இருந்து அப்படி நாங்க உக்காந்ததே கிடையாது, மில்லு, பிள்ளை, சபைன்னு ஓடியாச்சு. அன்னைக்கு நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்லப்படாது, ரொம்ப நல்லா இருந்தது. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. கரண்டு வந்ததும் எந்திரிச்சு ஓடிட்டேன். அதுக்கப்புறம் சனிக்கிழமை அவுக பக்கமே போறதில்ல.

சரி, வத்தல் கதையைக் கேளு. அதுலதான் எல்லாம் கெட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தி மொளகா வத்தல் நல்லாக் காயப்போட்டு எடுத்து வச்சிருந்தேன். சனிக்கிழமை ஊரு மாவை அரைச்சு முடிக்கவே பொழுது போயிட்டு, என் வத்தல் அப்படியே கெடக்கு. நான் அடுப்படியில நின்னு நாலு வார்த்தை சொன்னேன். ஊருக்கெல்லாம் அரைச்சுக் குடுக்கேன், என் வத்தலை அரைக்க இந்த வீட்டுல ஒரு ஆம்பளை இல்லன்னு. கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். அவுக காதுல விழணும்னுதான சொல்லுதது.

மறுநாள் ஞாயிறு. கோயில்ல ஐயர் பிரசங்கத்துக்கு ஏறியிருக்காரு. நான் முன்வரிசையில இருக்கேன். அடுத்த சுவருக்கு அங்கிட்டு மிஷின் சத்தம் கேக்கு. அவுகளுக்கு ஞாயித்துக்கிழமை வேலை நாளுல்லா! பொண்டாட்டி ஆசைப்பட்டாளேன்னு வத்தலைப் போட்டு அரைச்சுக்கிட்டு இருக்காக. சத்தம் மட்டும்னா கூடப் பொறுத்துக்கிடலாம். கீழக்காத்து அன்னைக்குன்னு பாத்து வீசுது. கார நெடி சன்னல் வழியா உள்ள வந்துட்டு. முதல்ல பின்னால ஒரு கிழவர் இருமினாரு. அப்புறம் பிள்ளைக. அப்புறம் பாட்டுக் குழு. ஐயர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு வார்த்தை பேசுவாரு, தும்முவாரு, ஒரு வார்த்தை பேசுவாரு, தும்முவாரு. சபை பூரா கண்ணீரும் மூக்குமா இருக்கு. மனந்திரும்பி அழுத மாதிரி! நீ சிரிக்க. அன்னைக்கு நான் அழுதது வத்தலுக்கு இல்ல பிள்ள.

வீட்டுக்கு வந்தா, பொடியைச் சலிச்சு டப்பாவுல அடைச்சு வச்சுட்டு, முகமெல்லாம் சிரிப்பா நிக்காக. உனக்குப் போதுமா பாருன்னாக. நான் டப்பாவைத் தூக்கி வாசல் முத்தத்துல எறிஞ்சேன்.

பிறகு சபைக் கமிட்டி கூடுச்சு. அதை விசாரிக்கத்தான் கூடுச்சு. நான்தான் செயலாளர் செல்லத்துரை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், நாலு பெரிய ஆளுக முன்னால நிறுத்திக் கண்டிச்சு விடுங்க, பயந்துக்கிட்டு வந்துருவாகன்னு. கண்டிக்கத்தான் சொன்னேன். அந்த ஆளுக என்ன செஞ்சாக தெரியுமா? சபையில இருந்து நிறுத்தி வைக்கோம்னுட்டாக. நான் என்ன சொன்னேன், இந்தப் பாவி என்ன செஞ்சிருக்கான் பாரு! இவ்வளவுக்கும் அந்த செல்லத்துரைதான் காரணம். ஐயரு நல்லவரு. அவரு எங்கிட்ட தனியாச் சொன்னாரு, திரும்பி வந்து ஒரு தடவை நற்கருணை அப்பம் எடுத்தா எல்லாத்தையும் சரி பண்ணிருதேன், ஆனா வேற சபையில முழுக்கு எடுத்துட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, கல்லறைத் தோட்டத்துல எடமும் கிடையாதுன்னு.

செத்த பிறகு எங்க பொதைச்சா என்னன்னு நீ நினைப்ப. எங்க மவனும் போன்ல அதைத்தான் சொல்லுதான். அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கு முந்தி எனக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை இருந்தது. ஹெலன்னு பேரு. நடக்கப் படிச்ச புதுசுல, மூளைக்காய்ச்சல் வந்து போயிட்டு. அந்தச் சின்னக் கல்லறை தோட்டத்துல வேப்பமரத்து ஓரத்துல இருக்கு. அவளைப் பொதைச்ச அன்னைக்கு அவுகதான் சொன்னாக. புஷ்பம், அழாத, அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், பிள்ளை நடுவுல தூங்கட்டும்னு. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இத்தனை வருஷம் இருந்தேன். இப்ப அவுக எங்கயோ ஒரு தோட்டத்துல போய்ப் படுத்துக்கிட்டா, என் பிள்ளைக்கு ஒரு பக்கம் வெறும் மண்ணால்லா கெடக்கும்.

ஈஸ்டர் அன்னைக்கு எங்க ஊருல விடியக்காலம் எல்லாரும் மெழுகுவத்தியோட கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அங்கதான் முதல் ஆராதனை. உயிர்த்தெழுந்த நாளுல்லா. முன்னெல்லாம் ரெண்டு பேரும் சேந்து போவோம். பிள்ளை கல்லறையில நான் வத்தியைப் பொருத்துவேன், அவுக காத்துக்குக் கையால மறைச்சுப் பிடிப்பாக. சனிக்கிழமைக்குப் போன பிறகு அவுக ஈஸ்டருக்கு வாரதில்ல. பண்டிகை நாளு எதுவும் கிடையாதாம். நான் தனியாப் போறேன். காத்துல வத்தி அணைஞ்சு அணைஞ்சு போவுது. பெத்த பிள்ளையையே மறந்துட்டாகளேன்னு மனசு கெடந்து எரியும்.

அந்த விஷயத்துல பாரு, தோட்டத்துக் காவக்காரன் மாசிலாமணி மனுஷன். நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நான் போறதுக்கு முந்தியே பிள்ளை கல்லறைக்குப் புல்லைச் செதுக்கி, பளிச்சுன்னு வெள்ளையடிச்சு வச்சிருப்பான். மத்த கல்லறையெல்லாம் முள்ளு மண்டிக் கெடக்கும், இது மட்டும் வெள்ளையா நிக்கும். நன்றி இருக்கணும்லான்னு போன தடவை அவனுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய கறிச்சோறு கொண்டு குடுத்தேன். எதுக்கும்மான்னு முழிக்கான். அவ்வளவு அடக்கம். கட்டுன புருஷனுக்கு இல்லாத கரிசனம் காவக்காரனுக்கு இருக்கு பாத்தியா?

இவுக என்ன செய்வாக அந்த நாளையில? பெரிய வெள்ளியன்னைக்கு ஊரே மும்மணி ஆராதனைக்கு கோயிலுக்குள்ள இருக்கும். மத்தியானம் பூரா சிலுவைத் தியானம், வீதியில ஒரு காக்கா குஞ்சு இருக்காது. இவுக மட்டும் எங்கயோ சுத்திட்டு, நான் வீட்டுக்கு வரும்போதுதான் வேத்து விறுவிறுத்து வந்து நிப்பாக. ஒரு வருஷம் நகக்கண்ணு பூரா சுண்ணாம்பு. வெத்தலை போடப் பழகிட்டீகளா, ஆண்டவர் சிலுவையில தொங்குத நாளுல உங்களுக்கு வெத்தலை கேக்குதோன்னு கிழி கிழின்னு கிழிச்சேன். கிணத்தடியில போய்க் கையைக் கழுவிட்டு வந்து படுத்துட்டாக. திருட்டு முழி.

இப்ப வியாழக்கிழமை வந்து எதுக்க உக்காந்தாக. சனிக்கிழமை ஆத்துல எனக்கு முழுக்கு புஷ்பம், நீயும் வாரியான்னாக. என்ன தைரியம் பாரு! என் பிணத்தைத் தாண்டிப் போங்கன்னேன். சரி புஷ்பம்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. ஓய்வுநாளுல பஸ்ஸு ஏற மாட்டாகல்லா, அதனால நேத்து மத்தியானமே கெளம்பிட்டாக, அந்தச் சபைக்காரர் வீட்டுல தங்கிட்டு ஆத்துக்குப் போறாகளாம். கையில வேதப்புத்தகமும் கண்ணாடிக் கூடும். அவ்வளவுதான். ஒரு ஊருக்குப் போற மனுஷன் வேற என்ன எடுக்கணும்னு நினைப்பு வேண்டாம்? காலையில நான் மில்லைப் பூட்டிட்டேன். சனிக்கிழமை மில்லு பூட்டிக் கெடக்கதைப் பாத்து செல்லத்தாய் அக்கா கேக்கா, என்ன புஷ்பம், நீயும் அந்தச் சபைக்குப் போயிட்டியான்னு. நாக்கைப் பிடுங்குத மாதிரி நல்லாக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

கரையில நின்னு சத்தம் போடுவேன். அழுவேன். தண்ணிக்குள்ள இறங்கிக் கையைப் பிடிச்சு இழுப்பேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

என்ன? திரும்பச் சொல்லு, வண்டி சத்தத்துல கேக்கல.

காவக்காரன் இல்லங்கியா?

...பெரிய வெள்ளிக்கு மறுநாள் விட்டு ஈஸ்டர். ஆமா. எல்லாரும் கோயிலுக்குள்ள இருப்பாக. ஆமா. சுண்ணாம்பு... சே, இருக்காது பிள்ள. இவுகளா? அந்த முழங்காலை வச்சுக்கிட்டு, முள்ளுக்குள்ள மண்டி போட்டா புல்லுச் செதுக்குனாக? இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாகளா? ஏன் சொல்லல?

நான் எங்க சொல்ல விட்டேன்னு கேக்கியா. நல்ல பிள்ளைதான் நீ. பாத்து அரை மணி நேரம் ஆகல, அதுக்குள்ள அவுக கட்சியில சேந்துட்ட.

மாசிலாமணிப் பய கறிச்சோத்தையும் தின்னுட்டான்.

கொஞ்சம் நவுரு பிள்ள, சன்னல் வழியா எட்டிப் பாக்கணும்.

...அந்தா பாலம் தெரியுது. கரையில வெள்ளை வெள்ளையா நிக்காக பாரு, அதுதான். அதுல முழங்காலைத் தாங்கிக்கிட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்காகல்லா, அதுதான் எங்க வீட்டு ஆளு. இன்னும் இறங்கல. எல்லாரும் ஆத்தைப் பாத்து நிக்காக, இவுக மட்டும் ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்காக. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு நிக்காக பிள்ள.

முங்குனாலும் முங்காட்டாலும் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் அவுக எடம். அதை எவனும் மாத்த முடியாது. ஐயர் சட்டம் பேசட்டும், செல்லத்துரை வந்து குழிக்குள்ள நின்னு மறிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். எனக்கு முந்தி அவுக போனா நான் நின்னு அடக்கம் பண்ணுவேன். நான் முந்திப் போனா, என் மவன்கிட்ட சொல்லி வச்சுட்டுப் போவேன்.

சரி, அந்தப் பையைத் தா. நனையலல்லா? உள்ள என்னன்னா கேக்க? ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு. அடியில புளிச்சோறு. நேத்து பொழுது சாயதுக்கு முந்தியே கிண்டி இறக்கிட்டேன், சனிக்கிழமை ஆக்குனதுன்னா வாயில வைக்க மாட்டாக.

மறிக்கப் போறவளுக்கு மாத்து வேட்டி எதுக்குன்னு உன் முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. இதென்ன கேள்வி? ஆத்துல முங்கிட்டு ஈரத்தோட நிப்பாகல்லா. இந்த வயசுல சளி பிடிச்சா யாரு பாக்கது?

நிறுத்துங்க டிரைவரே, ஆளு இறங்கணும்!